ஆப்பிரிக்கத் தாய்-சேய் சிற்பங்களில் தாய் ஏன் குழந்தையைப் பார்ப்பதில்லை?

மடியில் குழந்தை இருந்தும் தாய் நேராக எங்கோ பார்க்கிறாள், முகத்தில் பாசமே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்பிரிக்காவில் எத்தனையோ மக்கள், எத்தனையோ மரபுகள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

மாலி நாட்டின் தெற்கே, புகுனி, ஜொய்லா வட்டாரத்தில் வாழும் பமானா மக்களின் மரச்சிற்பம் அது. பெயர் குவான்டுசு. சுமார் நான்கடி உயரம். வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குழந்தையைக் கொஞ்சம் மறந்துவிட்டு அவளைப் பாருங்கள். தலையில் தாயத்துகள் பதித்த தொப்பி, கையில் கட்டிய கத்தி. இரண்டும் அங்கே வேட்டைக்காரர்களுக்கும் வீரர்களுக்கும் உரியவை. பிள்ளை பெறுவதற்கு அவ்வளவு வலிமை வேண்டும் என்று நினைத்த சமூகம் அது. குழந்தை தங்காத பெண்கள் இவளிடம்தான் வேண்டிக்கொண்டார்கள். ஆண்டு விழாவுக்கு முன் சிற்பத்தைக் கழுவி, எண்ணெய் பூசி, துணியும் மணியும் அணிவித்து ஊருக்கு முன் வைப்பார்கள். அப்படி வேண்டி வந்து எதிரே நிற்பவளைத்தான் அவள் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம், இன்றைய காங்கோ நாடுகளில் கீழ்க் காங்கோ ஆற்றுப் பகுதியின் யோம்பே மக்கள் செய்த பெம்பா என்ற தாய்-சேய் சிற்பங்கள். சிறியவை, மிக நுணுக்கமானவை. காலை மடக்கி உட்கார்ந்த தாய்க்குத் தலைவர்கள் அணியும் தொப்பி, அராவிக் கூராக்கிய பற்கள், தோளில் அழகுக்காகக் கீறிய தழும்புகள். சிலவற்றில் மடியில் கிடக்கும் குழந்தை உயிரில்லாதது போலவே தெரியும். அங்கேயும் தாயின் முகம் அசையாது. அதைப் பாசமின்மை என்று என்னால் படிக்க முடியவில்லை. ஒரு குலத்தையே தாங்குகிறவளின் நிதானமாகத்தான் படிக்கிறேன்.

காங்கோ ஜனநாயகக் குடியரசில் கசாய் பகுதியின் லுலுவா மக்களிடமும் இப்படி உண்டு. கரு கலைந்த, கைக்குழந்தையை இழந்த பெண்களுக்குக் காவலாகத் தாய்-சேய் சிற்பங்களைக் கொடுத்தார்கள்.

சரி, நீங்கள் கேட்ட பாசம் எங்கே? குவான்டுசுவின் படத்தைத் தேடினால் முகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கவாட்டுப் படத்தையும் பாருங்கள். குழந்தை எவ்வளவு இறுக்கமாகப் பற்றியிருக்கிறது என்பது அதில்தான் தெரியும்.