ஆல்கஹால் நீக்கிய ஒயின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெரம்பூர் வாசகி: கிறிஸ்துமஸ் விருந்துக்காக அண்ணா நகரில் ஒரு கடையில் ‘நான்-ஆல்கஹாலிக் ஒயின்’ என்று எழுதிய பாட்டில் ஒன்றை வாங்கினோம். வீட்டுக்கு வந்து பார்த்தால், பின்பக்க லேபிளில் பொடி எழுத்தில் ‘ஆல்கஹால் 0.5 சதவீதத்துக்கும் குறைவு’ என்று இருக்கிறது. முன்பக்கம் இல்லை என்கிறார்கள், பின்பக்கம் கொஞ்சம் இருக்கிறது என்கிறார்கள். என் மாமனார் குடியை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு இதைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அந்த அரை சதவீதத்தைவிட எனக்குக் கவலை தருவது அதன் மணமும், நாக்கில் படும் துவர்ப்பும், கையில் ஏந்தும் கோப்பையும்தான். குடிநோயிலிருந்து மீண்டவருக்கு இவை ஒவ்வொன்றும் பழைய ஆசையைக் கிளறக்கூடியவை. குடியை நிறுத்தியவர்களுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையை அவர் சாப்பிடுபவராக இருந்தால், மிகச் சிறிய அளவு ஆல்கஹால்கூட முகம் சிவத்தல், வாந்தி, படபடப்பு என்று உடம்பைப் படுத்திவிடும். கர்ப்பிணிகளுக்கும் இதைத் தவிர்க்கவே சொல்வேன். கருவிலுள்ள குழந்தைக்குப் பாதுகாப்பான ஆல்கஹால் அளவு என்று எதுவும் நிறுவப்படவில்லை.

லேபிள் முரண்படுவதாகத் தோன்றுவதற்குக் காரணம், இந்தப் பானம் தயாராகும் விதம். நம் ஊர் பதநீரை எண்ணிப் பாருங்கள். பாளையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதால் நொதித்தல் தடைபட்டு, சாறு கள்ளாக மாறாமல் இனிப்பாகவே இறங்குகிறது. ஆல்கஹால் நீக்கிய ஒயின் இதற்கு நேர்மாறானது. அங்கே திராட்சைச் சாற்றை ஈஸ்ட் முழுமையாக நொதிக்க விடுகிறார்கள். சர்க்கரை ஆல்கஹாலாகி, ஏறத்தாழ 12 சதவீதம் கொண்ட அசல் ஒயின் உருவான பிறகுதான் அதிலிருந்து ஆல்கஹாலைப் பிரிக்கத் தொடங்குகிறார்கள். உண்டான ஒன்றைப் பிரித்தெடுக்கும்போது கடைசிச் சொட்டு வரை எடுப்பது கடினம் என்பதால்தான் அந்த மிச்சக் கணக்கு லேபிளில் வருகிறது.

பிரிப்பதிலும் சிக்கல் இருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆல்கஹால் ஏறக்குறைய 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அந்தச் சூட்டுக்கு ஒயினைக் கொண்டுபோனால் வேகவைத்த பழத்தின் வாசம் வந்துவிடும். ரசம் நுரைகட்டியதும் ஏன் இறக்கிவிடுகிறோம்? கொதிக்க விட்டால் மணம் வீடெங்கும் பரவும், ரசத்தில் மட்டும் இருக்காது. ஒயினுக்கும் அதே கதிதான். இதற்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில், கார்ல் யுங் என்ற ஒயின் தயாரிப்பாளர் ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலே சென்று கொதிக்கிறது அல்லவா? அவர் அதைத் தலைகீழாக்கினார். பாத்திரத்திலிருந்து காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தால், ஆல்கஹால் 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். அது சென்னையின் சாதாரணப் பகல் வெயில்தான்.

இன்று இதன் மேம்பட்ட வடிவமாகப் பயன்படுவது, சுழலும் கூம்புகள் அடுக்கிய உயரமான உருளைக் கலன். 1980-களில் ஆஸ்திரேலியாவில் இது ஒயின் தொழிலுக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தப்பட்டது. மேலிருந்து ஊற்றும் ஒயின், சுழலும் கூம்புகளின் மேல் மெல்லிய படலமாகப் பரவி இறங்குகிறது. முதல் சுற்றில், குறைந்த வெப்பத்தில், மணப்பொருள்களை மட்டும் ஆவியாக்கிப் பிடித்துத் தனியே வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் சுற்றில் வெப்பத்தைச் சற்றுக் கூட்டி ஆல்கஹாலை வெளியேற்றுகிறார்கள். பிறகு அந்த மணத்தைத் திரும்பச் சேர்க்கிறார்கள். ரசத்தின் ஆவியைப் பிடித்து வைத்து மறுபடி ரசத்திலேயே கலக்க முடிந்தால் எப்படியிருக்கும், அப்படியொரு வேலை இது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இன்னொரு முறை நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குவதும், வீட்டு ஆர்.ஓ. கருவி செய்வதும் எதுவோ, அதே எதிர்ச் சவ்வூடு பரவல்தான். ஒயினை அதிக அழுத்தத்தில் மெல்லிய சவ்வின் வழியே தள்ளினால், சிறிய மூலக்கூறுகளான தண்ணீரும் ஆல்கஹாலும் கடந்து போகும். நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் இந்தப் பக்கமே தங்கும். பிறகு இழந்த தண்ணீரை மட்டும் ஈடுசெய்வார்கள்.

எந்த முறையில் எடுத்தாலும் நாக்கு இழப்பைக் கண்டுபிடித்துவிடும். ஆல்கஹாலே ஒயினுக்கு ஒரு கனத்தையும் இளஞ்சூட்டையும் கொடுக்கிறது. அது போனதும் முதல் வாய்க்குப் பழமணம் வந்து, உடனே தண்ணீர்போல் மெலிந்து, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் பல தயாரிப்பாளர்கள் திராட்சைச் சாறோ சர்க்கரையோ சேர்க்கிறார்கள்.

வேளச்சேரி வாசகர்: எனக்குச் சர்க்கரை நோய். ஆல்கஹால் இல்லை என்பதால் இதைக் குடிக்கலாமா?

பதில்: ஊட்டச்சத்துப் பட்டியலில் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். இனிப்பில்லாத சாதாரண ஒயினைவிட இவற்றில் சர்க்கரை பெரும்பாலும் அதிகம். நம் கடைகளில் இந்தப் பெயரில் விற்கும் சில பாட்டில்கள் நொதித்தலையே காணாத, வாயு ஏற்றிய திராட்சைச் சாறு மட்டுமே. மூலப்பொருள் பட்டியலைப் படித்தால் அது தெரிந்துவிடும்.

மயிலாப்பூர் வாசகர்: இந்த 0.5 சதவீதத்தை யார் நிர்ணயித்தது? எல்லா நாடுகளிலும் ஒன்றா?

பதில்: எண் பெரும்பாலும் ஒன்று, சொல்தான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மதுபான ஒழுங்குமுறைகள் 2018-இல் வெளியாகி, 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. கொள்ளளவில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதே அவற்றின்படி மதுபானம். அந்த வரம்பைத் தாண்டிய பாட்டிலில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். போதை தராதது என்ற பொருள்படும் சொல் எதையும் அதில் அச்சிடக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 டிசம்பரில் கொண்டுவந்த விதியின்படி, 0.5 சதவீதத்தைத் தாண்டாதது ‘ஆல்கஹால் நீக்கிய ஒயின்’; அதற்கு மேலே, ஆனால் ஒயினுக்குரிய குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருப்பது ‘பகுதியளவு ஆல்கஹால் நீக்கிய ஒயின்’. அனுமதிக்கப்பட்ட நீக்கும் முறைகளையும் அதே விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அமெரிக்காவில் ‘நான்-ஆல்கஹாலிக்’ என்றால் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. ‘ஆல்கஹால் ஃப்ரீ’ என்று எழுத வேண்டுமானால் கண்டறியும் அளவுக்கு ஆல்கஹாலே இருக்கக் கூடாது. இங்கிலாந்தின் வழிகாட்டுதல் ‘ஆல்கஹால் ஃப்ரீ’ என்பதற்கு 0.05 சதவீதத்தை வரம்பாக வைக்கிறது. இறக்குமதிப் பாட்டிலை எடுக்கும்போது முன்பக்கச் சொல்லைவிடப் பின்பக்க எண்ணை நம்புங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 150 மில்லிலிட்டர் கோப்பையில் 0.5 சதவீதம் என்றால் முக்கால் மில்லிலிட்டர். அதே கோப்பையில் சாதாரண ஒயின் என்றால் 18 மில்லிலிட்டர். அதாவது 24-இல் ஒரு பங்கு. ஆரோக்கியமான ஒருவருக்கு இதில் போதை ஏறாது. கடையில் விற்கும் பழச்சாறுகளிலும் நன்கு பழுத்த வாழைப்பழத்திலும்கூட மிக நுண்ணிய அளவு ஆல்கஹால் இயற்கையாகவே உண்டு. ஆனால் சமய நம்பிக்கையால் ஒரு துளியும் கூடாது என்பவருக்கு இந்தக் கணக்கு சமாதானம் ஆகாது. அவர் ‘0.0’ என்று குறித்ததையோ, நொதிக்காத சாற்றையோ தேடுவதே சரி.

பரங்கிமலை வாசகி: வீட்டில் செய்த திராட்சை ஒயினை அடுப்பில் கொதிக்க வைத்தால் ஆல்கஹால் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: முழுவதும் போகாது. அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட அட்டவணையின்படி, உணவில் கலந்து 15 நிமிடம் கொதித்தால் 40 சதவீத ஆல்கஹால் மிஞ்சுகிறது; ஒரு மணி நேரம் ஆனாலும் 25 சதவீதம். அதற்குள் மணம் முழுவதும் போய்விடும். தவிர, தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பதே மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்கும் பெரம்பூர் வாசகிக்கும் 1869-ஆம் ஆண்டு முறை ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வைன்லாந்து ஊரில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், தேவாலய நற்கருணைக்கு நொதிக்காத திராட்சை ரசம் வேண்டும் என்பதற்காக, சாற்றைப் பாட்டிலில் அடைத்துச் சூடுபடுத்தி ஈஸ்ட்டைக் கொன்றார். நமக்குக் கம்பம் பன்னீர் திராட்சை இருக்கிறது. அதன் தோலின் நிறமும் மணமும் இதற்கென்றே அமைந்தவை. பழத்தைக் கழுவி, தோலோடு மசித்து, கொதி வராமல் 80 டிகிரி அளவில் பத்து நிமிடம் வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். ஒரு துண்டு பட்டையும் இரண்டு கிராம்பும் சேர்த்தால் விருந்து மணம் வந்துவிடும். கொதிநீரில் கழுவிய பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாள்களுக்குள் குடித்துவிடுங்கள். திறக்கும்போது புஸ்ஸென்று வாயு கிளம்பினாலோ மேலே நுரை தெரிந்தாலோ உள்ளே நொதித்தல் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பாட்டிலை மாமனாருக்கு ஊற்றாமல் கொட்டிவிடுங்கள்.