எழுதிக் கொடுக்காமல் கட்சி மாறிய எம்.எல்.ஏ.: பதவி போகுமா?

வாசகர் கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ. ஜெயித்த கட்சியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் சில மாதங்களாக எதிர்க்கட்சி மேடையில்தான் உட்காருகிறார், அவர்களுக்கு ஓட்டும் கேட்கிறார். "மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து போனால் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள். அவர் பதவி போகுமா? ஓட்டுப் போட்ட நாங்கள் புகார் கொடுக்கலாமா?

அந்த மூன்றில் ஒரு பங்கு கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபோது அப்படி ஒரு வழி இருந்தது, 2003-இல் 91-ஆவது திருத்தம் அதை அடைத்துவிட்டது. இப்போது மிச்சமிருப்பது இணைப்பு, அதாவது ஒரு கட்சி இன்னொரு கட்சியோடு சேர்வது மட்டும்தான். அதற்கு அந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களில் மூன்றில் இரண்டு பங்கு பேராவது வேண்டும், தனியாளாகப் போனவர் அதைக் காட்டித் தப்ப முடியாது.

ராஜினாமா கடிதமும் தேவையில்லை. நடத்தையை வைத்தே ஒருவர் கட்சியை விட்டுவிட்டார் என்று முடிவு செய்யலாம் என, கோவாவின் ரவி நாயக் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்த போட்டோவெல்லாம் நிற்காது, ஓட்டுக் கேட்ட வீடியோ நிற்கும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள், கூட்டணி மாறுவது வேறு, கட்சி மாறுவது வேறு. நிதிஷ் குமார் 2022-இல் அணி மாறி 2024-இல் திரும்பி வந்தபோது கட்சியே மொத்தமாக நகர்ந்தது, அதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சின்னக் கட்சிக்காரர் பெரிய கட்சியின் சின்னத்தில் நின்று ஜெயித்தால், பதிவேட்டில் அவர் பெரிய கட்சி உறுப்பினர்தான், அந்தக் கொறடா சொல்வதுதான் அவரைக் கட்டும். அதனால் உங்கள் எம்.எல்.ஏ. எந்தச் சின்னத்தில் நின்றார் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் பதவி போவதில்லை? முடிவு சபாநாயகர் கையில் இருப்பதால்தான். 2017-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ.பன்னீர்செல்வம் உட்பட 11 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் தங்கள் கட்சி ஆட்சிக்கு எதிராகவே ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் பதவி போகவில்லை, ஆகஸ்ட் 21-இல் பன்னீர்செல்வம் துணை முதல்வரும் ஆனார். மறுநாளே தினகரன் அணியினர் ஆளுநரைப் பார்த்து, முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். சபையில் எதிர்த்து ஓட்டுக்கூடப் போடவில்லை. அவர்களில் 18 பேரை ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 18-இல், சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கம் செல்லும் என்றார். அந்த 18 பேர் வழக்குக்கும் 11 பேர் வழக்குக்கும் சட்டப்படி என்ன வித்தியாசம் என்று எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், ஆனால் ஒன்றில் அவசரமும் இன்னொன்றில் மௌனமும் இருந்ததை நான் நியாயம் என்று ஒருபோதும் ஏற்க மாட்டேன். ஆண்டிப்பட்டி, அரூர் மாதிரி 18 தொகுதி மக்களுக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் எம்.எல்.ஏ.வே இல்லை.

நீங்கள் மனு கொடுக்கலாமா? கொடுக்கலாம். சபை உறுப்பினர்தான் கொடுக்க வேண்டும் என்று விதியைக் காட்டுவார்கள், ஆனால் அக்கறை உள்ள மற்றவர்களும் சபாநாயகரிடம் போகலாம் என்று ஒடிசா வழக்கொன்றில் 2013-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. இருந்தாலும் உங்கள் எம்.எல்.ஏ. விட்டுப்போன கட்சியின் கொறடாவோ ஒரு எம்.எல்.ஏ.வோ கொடுத்தால் இழுபறி குறையும், முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். எந்தத் தேதி, எந்த ஊர், என்ன பேசினார் என்று வரிசையாக எழுதி, ஆதாரத்தை இணைத்து, சிவில் வழக்கு மனு போலவே உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். இது இல்லாமல் போகிற மனுவை முதல் நாளே தள்ளிவிட வழி இருக்கிறது.

அப்புறம், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். மணிப்பூர் வழக்கில் 2020-இல் சபாநாயகர் முடிவெடுக்க உச்ச நீதிமன்றம் சொன்ன மூன்று மாதக் கெடு, மனு தாக்கலான தேதியிலிருந்துதான் எண்ணப்படும். தெலங்கானா எம்.எல்.ஏ.க்கள் விஷயத்தில் 2025 ஜூலையிலும் மூன்று மாதத்தில் முடிவெடுக்கச் சொல்லி சபாநாயகருக்கு உத்தரவு போனது. கெடு தாண்டினால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும்போது வக்கீல் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்த ஒப்புகைச் சீட்டைத்தான்.