மறுமதிப்பீடு முடியட்டும் என்று விண்ணப்பத்தை நிறுத்தாதீர்கள்

கேள்வி: என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம் 97, இயற்பியல் 94, வேதியியல் 78. வேதியியலில் 90-க்குக் குறையாது என்று அழுகிறாள். விடைத்தாள் நகல் கேட்டிருக்கிறோம். பொறியியல் கலந்தாய்வுக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. இந்த மார்க்கோடு விண்ணப்பித்தால் பிறகு மாற்ற முடியாதா?

பதில்: 78-உடனேயே இன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள், சார். தேதி தாண்டிவிட்டால், பிறகு 95 வந்தாலும் பயனில்லை. மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளின் மதிப்பெண் தேர்வுத்துறையிலிருந்தே கலந்தாய்வுக் குழுவுக்குப் போகிறது. அதனால் நீங்கள் தவறான மார்க்கைக் கொடுத்ததாக ஆகாது. பதிவெண்ணும் பிறந்த தேதியும் சரியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த 78-ஐப் பிரித்துப் பாருங்கள். வேதியியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பின்னிரண்டும் முழுதாக வந்திருந்தால், எழுத்துத் தேர்வில் 48. மகள் சொல்கிற 90-க்கு அங்கே 60 வேண்டும். 12 மார்க் வித்தியாசம் என்பது ஒரு ஆசிரியர் கை இறுக்கித் திருத்தியதால் மட்டும் வருவது அரிது. ஐந்து மதிப்பெண் விடை இரண்டு திருத்தப்படாமல் போயிருக்க வேண்டும், அல்லது கூட்டலில் பிசகியிருக்க வேண்டும். செய்முறை, அகமதிப்பீட்டு மார்க்கே குறைந்து ஏறியிருந்தால் விடைத்தாளில் தேடிப் பயனில்லை. தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போக வேண்டும்.

நகல் வந்ததும் மகளையும் வேதியியல் ஆசிரியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். முன்பக்கத்தில் கேள்வி வாரியாகப் போட்ட மார்க்கும் உள்ளே போட்ட மார்க்கும் ஒன்றா? எழுதிய விடை எதிலாவது சிவப்பு மையே படவில்லையா? கடைசிப் பக்கங்களை அவசியம் பாருங்கள். கேள்வி வரிசை மாறி அங்கே எழுதிய விடைதான் பெரும்பாலும் கண்ணில் படாமல் போகும். கூட்டல் மட்டும் தவறு என்றால் மறுகூட்டல் போதும். திருத்தாத விடை இருந்தால் மறுமதிப்பீடு. அதில் மார்க் குறையவும் கூடும், பிறகு அதுதான் இறுதி. ஆகவே ஆசிரியர் விரல் வைத்துக் காட்டும் இடம் ஏதும் இல்லையென்றால், "எதிர்பார்த்தேன், வரவில்லை" என்பதற்காகப் போடாதீர்கள்.

கேட்கவே தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2005 அக்டோபரில் அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்காக நடந்த எஸ்.ஏ.டி. தேர்வில், விடைத்தாள்கள் ஈரப்பதம் ஏறி விரிந்துபோனதில் இயந்திரம் தவறாகப் படித்து, 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு மார்க் குறைந்தது. அந்தக் குளறுபடி தெரிய வந்ததே, இரண்டு மாணவர்கள் தங்கள் தாளைக் கையால் திருத்திப் பார்க்கச் சொன்னதால்தான். திருத்திய மார்க் கல்லூரிகளுக்குப் போனது மறு வருடம் மார்ச்சில், சேர்க்கை முடிவுகள் வரவிருந்த நேரத்தில்.

மார்க் மாறினால் அது தானாகக் கலந்தாய்வுப் பக்கத்தில் ஏறிவிடும் என்று சும்மா இருக்க வேண்டாம். தரவரிசைப் பட்டியலுக்கு முன்பே உள்நுழைந்து பாருங்கள். பழைய மார்க்கே இருந்தால், திருத்திய மதிப்பெண் பட்டியலோடு பக்கத்திலுள்ள கலந்தாய்வுச் சேவை மையத்துக்குப் போங்கள். பட்டியல் வந்த பிறகும் குறைதீர்ப்புக்குச் சில நாள் தருவார்கள். அதையும் விட்டால் பிறகு அலைச்சல்தான்.

தனியார் கல்லூரிகளுக்கும் போட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். கதை வேண்டாம். "விண்ணப்ப எண் இது. வேதியியல் மதிப்பெண் மறுமதிப்பீட்டில் மாறியுள்ளது, தேர்வுத்துறை ஆவணம் இணைப்பில்" என்றால் போதும். தவறு மகளுக்குச் சாதகமாக இருந்தாலும் இதையேதான் செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் நாம் 87 என்று தட்டியிருந்து, அசல் சான்றிதழ் சரிபார்ப்பில் 78 வெளிப்பட்டால், கிடைத்த இடமே போய்விடலாம்.

கட்-ஆஃப் என்பது கணிதம் முழுதாகவும் இயற்பியல், வேதியியல் பாதிப் பாதியாகவும் சேர்த்து 200-க்குப் போடும் கணக்கு. இப்போது அது 97 + 47 + 39, அதாவது 183. வேதியியல் 90 ஆனால் 189. அதற்கு மேல் கணக்குப் போட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எதில் முடிந்தது என்று பார்த்து, 183-க்கு ஒன்றும் 189-க்கு ஒன்றுமாக இரண்டு பட்டியல் எழுதி வையுங்கள். எது வந்தாலும் விருப்பப் பதிவு அன்று அதை எடுத்து ஏற்றிவிடலாம்.