பறவைக் காய்ச்சல்: கோழி, வாத்து, வான்கோழி, காடை வளர்ப்போர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: கோழியும் வாத்தும் ஒரே இடத்தில் வளர்க்கிறேன். நோய் வந்தால் இரண்டும் செத்துவிடுமா டாக்டர்?

பதில்: பறவைக் காய்ச்சல் வைரஸில் கடுமையான எச்5 வகை நுழைந்தால் கோழிகள் சில நாட்களிலேயே கொத்துக் கொத்தாக விழும். வாத்தோ பல சமயம் வழக்கம்போல் மேய்ந்து, நீந்தி, எச்சத்தில் வைரஸைக் கழித்துக்கொண்டே இருக்கும். செத்த கோழியைவிடச் சாகாத வாத்துதான் எனக்குப் பெரிய கவலை. தயவுசெய்து இரண்டையும் பிரித்துவிடுங்கள். குட்டைத் தண்ணீர், தீவன வாளி, கொட்டகைக்குள் போடும் செருப்பு எதுவும் பொதுவாக இருக்கக் கூடாது. குளிர்ந்த நீரில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் தாங்கும்.

கேள்வி: வைரஸ் ஒன்றுதானே, ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: வைரஸ் நுழைந்ததை உயிரணு உடனே உணர உதவும் ரிக்-ஐ என்ற மரபணு வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லை. அது மட்டுமே காரணமல்ல, ஆனால் முக்கியமான ஒன்று. வைரஸின் வீரியமும் சேர்ந்துகொள்ளும். வீரியம் குறைந்த வகை பெரும்பாலும் மூச்சுப்பாதையிலும் குடலிலும் மட்டும் பெருகும். கடுமையானது மூளை, இதயம் என்று எல்லா உறுப்பிலும் பெருகும்.

கேள்வி: அப்படியென்றால் வாத்துக்குப் பயமில்லை?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். 2002 இறுதியில் ஹாங்காங்கில் எச்5 வகையைச் சேர்ந்த எச்5என்1 வைரஸ் நீர்ப்பறவைகளையே கொன்றது. வாத்திலும் இனத்துக்கு இனம் மாறும்: பெக்கின் தாங்குகிற அளவுக்கு மஸ்கோவி தாங்காது. குஞ்சுகள் இன்னும் சீக்கிரம் சாகும். தள்ளாட்டம், கழுத்துத் திருகல், கண் வெளுத்தல் தெரிந்தால் அன்றே சொல்லியனுப்புங்கள்.

கேள்வி: வான்கோழி?

பதில்: கோழியைவிட மோசம். மிகக் குறைந்த அளவு வைரஸே போதும், தொற்றிவிடும். வீரியம் குறைந்த வகையில்கூட முகம் வீங்கி, பாக்டீரியாவும் சேர்ந்து சாவு கூடும்.

கேள்வி: காடை, புறா?

பதில்: காடை எளிதில் பாதிக்கப்படும். அதன் உடலில் பறவை வைரஸ், மனித வைரஸ் இரண்டும் ஒட்டிக்கொள்ள இடமுண்டு. இரண்டும் அங்கே கலந்து புது வகை உருவாகலாம், ஆகவே கோழிக் கொட்டகைக்குப் பக்கத்தில் வேண்டாம். புறா ஓரளவு தாங்கும்.

கேள்வி: முட்டைக்கோழியில் முதலில் என்ன தெரியும்?

பதில்: கொட்டகை அமைதியாகிவிடும். தண்ணீரும் தீவனமும் குறையும், முட்டை சரியும், கெட்டி ஓடில்லாத தோல்முட்டை வரும். பிறகு கொண்டை நீலமாகும், காலில் ரத்தத் திட்டு தெரியும். கூண்டு வளர்ப்பில் ஒரு மூலையில் மட்டும் சாவு தொடங்கலாம். "நாலு கோழிதானே" என்று விடாதீர்கள். சில சமயம் எந்த அறிகுறியும் இல்லாமலே சாகும். வெள்ளைக்கழிச்சல் என்ற வேறொரு கோழி நோயும் இதே மாதிரிதான் இருக்கும், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆய்வகத்தில், வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: தடுப்பூசி போட்டால் போதாதா?

பதில்: பிரான்ஸ் 2023 அக்டோபரில் வாத்துகளுக்குப் போடத் தொடங்கியது. சாவு குறையும். ஆனால் ஊசி போட்ட பறவையும் வைரஸைச் சத்தமில்லாமல் பரப்பலாம், அதனால் தொடர் பரிசோதனையும் வேண்டும். அரசு அனுமதியில்லாமல் நீங்களாகப் போடாதீர்கள்.

கேள்வி: செத்த கோழியை அறுத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வெறுங்கையால் தொடவும் வேண்டாம். மற்ற பறவைகளை வெளியே அனுப்பாமல் நிறுத்திவிட்டு கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். மாதிரியை அவர்களே எடுப்பார்கள்.