டிரேட்மார்க் பதிவு இல்லாத சிறு கடை, தன் பெயரில் பிறர் வாங்கிய டொமைனை மீட்க முடியுமா?

ஆற்காட்டில் மூன்று தலைமுறையாக மக்கன் பேடா விற்று வருவதாகவும், உங்கள் கடைப் பெயரில் வேறொருவர் டாட் இன் (.in) டொமைனை, அதாவது இணைய முகவரியைப் பதிவு செய்துவிட்டதாகவும், டிரேட்மார்க் பதிவு இல்லாத நிலையில் அதை மீட்க வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு. வேலூரில் தோல் செருப்புத் தொழில் செய்யும் எங்கள் குடும்பம் இதே சிக்கலில் ஏழு மாதம் அலைந்திருக்கிறது. ஆகவே, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் கடையின் பெயர், அப்பாவின் பெயரில் முற்பாதியையும் எங்கள் குலதெய்வத்தின் பெயரையும் சேர்த்து அவரே உருவாக்கிய ஒற்றைச் சொல். எங்களிடம் மொத்தமாகச் சரக்கு எடுத்து வெளியூரில் விற்றுவந்த வியாபாரி ஒருவர், கணக்குத் தகராறில் பிரிந்துபோன மறுமாதமே அந்தச் சொல்லை டாட் இன் முகவரியாகப் பதிவு செய்து, எங்கள் செருப்புகளின் படங்களைப் போட்டுக்கொண்டு வேறு பட்டறைச் சரக்கை விற்கத் தொடங்கினார். போனில் கேட்டதற்குப் பிடிகொடுக்காதவர், இரண்டு லட்சம் கொடுத்தால் மாற்றித் தருவதாக மறுநாள் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். ‘உங்க அப்பா பேரை நாமளே காசு கொடுத்து வாங்கணுமா?’ என்று கேட்ட அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. எங்களைக் கொதிக்க வைத்த அந்தச் செய்திதான் பிறகு எங்கள் கையில் இருந்த வலுவான ஆதாரமாக அமைந்தது.

டாட் இன் முகவரி வாங்கும் ஒவ்வொருவரும், தகராறு வந்தால், டாட் இன் முகவரிகளை நிர்வகிக்கும் நிக்ஸி என்ற அமைப்பின் நடுவர் விசாரணைக்குக் கட்டுப்படுவதாகப் பதிவின்போதே ஒப்புக்கொள்கிறார்கள். ஐஎன்டிஆர்பி எனப்படும் அந்த விதிமுறையின்படி நீங்கள் மூன்றைக் காட்ட வேண்டும். அந்த முகவரி, உங்களுக்கு உரிமையுள்ள பெயரோடு ஒன்றாகவோ குழப்பம் தரும் அளவுக்கு ஒத்தோ இருக்கிறது என்பது ஒன்று. பதிவு செய்தவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை ஏதும் இல்லை என்பது மற்றொன்று. தீய நோக்கத்தோடு அது பதிவு செய்யப்பட்டது அல்லது பயன்படுத்தப்படுகிறது என்பது மூன்றாவது. விசாரணை பெரும்பாலும் ஆவணங்களின் பேரிலேயே நடந்து முடிந்துவிடுவதால், எங்களில் யாரும் நேரில் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.

உரிமையுள்ள வணிகக்குறி, அதாவது டிரேட்மார்க், என்பதற்குப் பதிவுச் சான்றிதழ் ஒன்றுதான் அடையாளம் என்று எண்ண வேண்டாம். சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல், டொமைன் பெயரும் வணிகக்குறியின் தன்மை உடையதே என்றும், பிறர் பெயரைத் தன் பெயராகக் காட்டி வாடிக்கையாளரை ஏமாற்றுவதற்கு எதிரான பாதுகாப்பு அதற்கும் பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. வணிகக்குறிகள் சட்டம் 1999இன் 34ஆம் பிரிவும், பின்னால் வந்து பதிவு செய்தவரால் முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரைத் தடுக்க முடியாது என்கிறது. ஆனால் அந்த முன்பயன்பாட்டைத் தாளில் காட்டியாக வேண்டும். சிறு கடைகள் தடுமாறுவது இங்கேதான்.

நாங்களும் தடுமாறினோம். ஜிஎஸ்டி பதிவு 2017க்குப் பிந்தையது. அதற்கு முந்தைய கணக்கெல்லாம் பாதி தொலைந்திருந்தது. கடைசியில் பரணில் இருந்த தகரப் பெட்டியில், ஓரங்களை எலி கடித்த ஒரு பில் புத்தகம் கிடைத்தது. கார்பன் படிந்த நகல் தாள்களில் தேதியின் ஆண்டு அழிந்துபோயிருந்தாலும், தலைப்பில் கடைப் பெயருக்குக் கீழே ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று அச்சாகியிருந்தது. 1989இல் பழைய வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது வந்த அந்தப் பெயர், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வேலூர் மாவட்டம் என்று மாறிவிட்டது. எனவே அந்தப் புத்தகம் எந்தக் காலத்தில் அச்சானது என்பதற்கு மாவட்டத்தின் பெயரே சாட்சியாக நின்றது. எங்கள் வக்கீல் அந்தத் தாளை முதல் இணைப்பாக வைத்தார். முகவரி எங்களுக்கே மாற்றித் தரப்பட வேண்டும் என்று நடுவர் தீர்ப்பளித்தார்.

உங்கள் நிலையில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. உங்கள் கடைப் பெயரில் தாத்தாவின் பெயரோ வேறு தனிச்சொல்லோ இருந்தால் நிலைமை நல்லது. ‘ஆற்காடு’, ‘மக்கன் பேடா’ என்ற சொற்கள் மட்டுமே இருந்தால், ஒன்று ஊரின் பெயர், மற்றொன்று பண்டத்தின் பெயர். இரண்டும் அந்த ஊரில் அதைச் செய்யும் எல்லாருக்கும் பொதுவானவை. மற்ற கடைகளிலிருந்து பிரித்து, அந்தச் சொற்களைக் கேட்டதும் மக்கள் உங்கள் கடையை மட்டுமே நினைக்கிறார்கள் என்று நிறுவுவது மிகக் கடினம். ஆம்பூர் பிரியாணிக்கும் இதே நிலைதான். இத்தகைய பெயருக்காக வழக்குச் செலவில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டாட் காம் முகவரிக்கு வழி வேறு. உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 1999இல் கொண்டுவந்த யுடிஆர்பி விதியின்படி, ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவின் நடுவர் மையத்தில் புகார் செய்யலாம். ஒரே நடுவர் என்றால் ஐந்து முகவரிகள் வரை கட்டணமே 1,500 டாலர். வக்கீல் செலவு தனி. அங்கே தீய நோக்கத்தோடு பதிவு செய்ததையும் பயன்படுத்துவதையும் சேர்த்தே காட்ட வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்ற சலுகை டாட் இன்னில்தான். யுடிஆர்பி முறையில் தீர்ப்பான முதல் வழக்கு, ஒரு மல்யுத்த நிறுவனத்தின் பெயரில் முகவரி வாங்கிய மூன்றே நாளில் அதை 1,000 டாலருக்கு அந்நிறுவனத்திடமே விற்க முன்வந்தவரைப் பற்றியது. அந்த விலைப்பேச்சே தீய நோக்கத்தின் சான்றாக ஏற்கப்பட்டது.

எங்கள் பெயரிலான டாட் காம் முகவரியும் எங்களிடம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், நாங்கள் இணையத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, தன் குடும்பப் பெயர் என்பதால் அதை வாங்கிவைத்திருக்கிறார். அவர் மீது புகார் செய்யலாமே என்று தம்பி சொன்னான், நான் மறுத்துவிட்டேன். அவருடைய பெயர் அவருக்கு உரியது. எங்களைக் குறிவைத்து அவர் எதுவும் செய்யவில்லை. அத்தகையவர் மீது தொடுக்கும் புகார் தோற்பதோடு, முகவரியைப் பறிக்கும் முயற்சி என்று தீர்ப்பிலேயே எழுதப்படவும் கூடும்.

இந்த இரண்டு முறைகளிலும் முகவரி கைக்கு வரலாம், அல்லது அது ரத்தாகலாம், நஷ்டஈடு கிடைக்காது. நஷ்டஈடு வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எங்களுக்கு முகவரி வந்ததே போதுமென்று நிறுத்திக்கொண்டோம்.

நீங்கள் முதலில், அந்தத் தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். எதிர்த்தரப்போடு இனி எழுத்தில் மட்டும் பேசுங்கள். நீங்களாக விலை எதுவும் சொல்லாதீர்கள். இனிப்பு வகைகளுக்கான 30ஆம் வகுப்பில் டிரேட்மார்க் விண்ணப்பத்தையும் உடனே போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருந்தாலும் இணையவழியே செய்யலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். விண்ணப்பத்தில் எந்த நாளிலிருந்து பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். ஆதாரத்தோடு காட்டக்கூடிய மிகப் பழைய நாளையே எழுதுங்கள். அந்த ஆதாரத்தை வீட்டுப் பரணில் மட்டும் தேடாமல், உங்களுக்கு இனிப்புப் பெட்டி அச்சிட்டுத் தந்த அச்சகத்திலும் கேட்டுப் பாருங்கள். பழைய பெட்டிகளின் மாதிரிகளைச் சில அச்சகங்கள் பல ஆண்டுகள் வைத்திருப்பதுண்டு.