1911 பன்னி ரூபா: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, அஞ்சாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய பன்னி ரூபான்னு சொல்றாங்களே, அதுல பன்னி எங்க இருக்கு?

பதில்: பன்னியே கிடையாதுப்பா, அது யானை. ராஜா அங்கி மேல ஒரு சங்கிலி தொங்குதுல்ல, அது 1878ல ஆரம்பிச்ச ஆர்டர் ஆஃப் தி இண்டியன் எம்பயர்ங்கிற பட்டத்தோட சங்கிலி, யானை மயில் ரோஜான்னு கோத்திருக்கும், அதுல நெஞ்சுப் பக்கம் வர்ற யானைக்கு 1911 அச்சுல தும்பிக்கையும் காலும் குட்டையா விழுந்துருச்சு. லென்ஸ் வெச்சுப் பாருங்க, சத்தியமா பன்னி மூஞ்சிதான். தலைய வடிச்சவரு மெல்போர்ன்ல பொறந்த சிற்பி பெர்ட்ரம் மெக்கென்னல். பாவம் மனுஷன், அதே வருஷம் அவரு செதுக்குன தலையோட வந்த ஆஸ்திரேலியா காசுலயும் வம்பு, 'கடவுள் அருளால்'ங்கிற லத்தீன் வரி இல்லன்னு அங்க ஒரே சத்தம், 1912ல சேத்துட்டாங்க.

கேள்வி: பன்னி மாதிரி இருந்தா என்ன சார், அதுக்குப் போய் காச வாபஸ் வாங்குவாங்களா?

பதில்: முஸ்லிம் மக்கள் கையில எப்படிங்க வாங்குவாங்க? எதிர்ப்பு கிளம்புச்சு. அடிச்சது சுமார் 94 லட்சம், வெளிய போனது 7 லட்சம் போல, மிச்சத்த உருக்கிட்டாங்க. 1857 சிப்பாய் கலகத்துல தோட்டாவுல பன்னிக் கொழுப்புன்னு கிளம்புன பேச்சு என்ன பாடு படுத்துச்சுன்னு வெள்ளைக்காரனுக்கு மறக்குமா, அதான் இவ்ளோ வேகம்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: என்கிட்ட இருக்கிறது 1912, அதுவும் பன்னியா?

பதில்: இல்ல, அதுல தும்பிக்கைய நீட்டிட்டாங்க. ஆனா 1911 கால் அணா கிடைச்சா பாருங்க, அதுலயும் பன்னிதான்.

கேள்வி: பின்பக்கம் சுத்தி என்ன பூ?

பதில்: ரோஜா இங்கிலாந்துக்கு, திஸில்ங்கிற முள்ளுச்செடிப் பூ ஸ்காட்லாந்துக்கு, மூணு இலை ஷாம்ராக் அயர்லாந்துக்கு, தாமரை நமக்கு. வேல்ஸ்காரனுக்கு ஒண்ணுமில்ல! நடுவுல பாரசீக எழுத்துல யக் ரூபியா, அதாவது ஒரு ரூபான்னும் இருக்கும்.

கேள்வி: அண்ணே, ஒரிஜினலான்னு எப்படி பாக்குறது? கருப்பா வேற இருக்கு, விபூதி போட்டு தேய்க்கலாமா?

பதில்: ஐயோ வேணாம், புளி விபூதி எதுவும் போடாதீங்க, தேய்ச்ச காச விவரம் தெரிஞ்சவன் பாதி விலைக்குக்கூட கேக்க மாட்டான். நகைக்கடை தராசுல போடுங்க, 11.66 கிராம் வரணும், தேய்மானத்துல கொஞ்சம் குறையலாம். காந்தம் ஒட்டுச்சுன்னா டூப்ளிகேட், ஒட்டலன்னாலும் உடனே நம்பிராதீங்க.