கேள்வி நேரம்: ஜார்ஜ் டவுனில் ஒரு நாள்

கேள்வி: சென்னை ஜார்ஜ் டவுனை, அதாவது பாரிமுனைப் பகுதியை, ஒரே நாளில் நடந்தே சுற்ற முடியுமா? எதை முதலில் பார்ப்பது? (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாக. பலர் சொதப்புவது நேரக் கணக்கில்தான். மத்தியானம் கிளம்பினால் கோயில் நடை சாத்தியிருக்கும், பர்மிய நூடுல்ஸான அத்தோ விற்கும் கடையும் திறந்திருக்காது. காலை ஒன்பதரை வாக்கில் உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கி, அரண்மனைக்காரத் தெருவுக்குள் நுழையுங்கள். 1772-ல் எழுப்பிய ஆர்மீனியத் தேவாலயம் அங்கேதான். மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். 1794-ல் உலகின் முதல் ஆர்மீனிய இதழை இந்த ஊரில் அச்சிட்ட பாதிரியார் ஷ்மவோனியன் கல்லறையும் வளாகத்தில் உண்டு, தேடிப் பாருங்கள்.

அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயில். கிழக்கே தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள். இரண்டையும் பதினொன்றரைக்குள் முடித்துவிடுங்கள். பிறகு சௌகார்பேட்டை, தங்கசாலைத் தெரு: வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி வைத்த முறுக்கு சாண்ட்விச். காரில் போனால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

பொழுது சாய்ந்ததும் பர்மா பஜார் பக்கம். அத்தோவைக் கையால்தான் பிசைவார்கள்: நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளிக்கரைசல், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள். காரம் குறைவாக வேண்டும் என்றால் பிசைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பார்சல் என்றால் மேலே நொறுக்கிப் போடும் மொறுமொறு தட்டையான பேஜோவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இல்லையேல் நமுத்துவிடும். வாழைத்தண்டு சூப்பை விடாதீர்கள். ஞாயிறு வேண்டாம், பாதிக் கடைகள் பூட்டு.